வலிக்காதவனுக்கு ஒரு குரல்

மதியச் சாப்பாடு முடிந்த கையோடு அவர் அந்தப் பழைய ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தார். டப்பிங் கலைஞர். குரலை வைத்து எல்லோரும் 'கம்பீரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்பவன் அவருடைய தங்கை கணவன்.

"வாங்க மச்சான். இன்னைக்கு உங்களுக்கு வசனமே கிடையாது. மூச்சு விட்டாப் போதும்."

"அதை வீட்டுலயே விட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்?"

படம் எதிர்காலத்தில் நடக்கிறது. சோதனைச்சாலையில் உருவாக்கிய ஒரு போர்வீரன். குண்டு பாயும், எலும்பு முறியும்; முகம் சுளிக்க மாட்டான். காயம் தானாக மூடிக்கொள்ளும்.

"முனகல்கூட வரக்கூடாதுன்னு டைரக்டர் கறாராச் சொல்லிட்டாரு," என்றான் தங்கை கணவன்.

தடித்த கதவு மூடியது. வெளிச்சத்தம் மொத்தமும் அறுந்துபோனது. மெத்தை பதித்த சுவர்களில் ஈர வாடை. அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

திரையில் வீரனின் தோளில் குண்டு பாய்ந்தது. அவர் நிதானமாக மூச்சு விட்டார்.

ஹெட்போனில் யாரோ முனகினார்கள்.

"மாப்பிள்ளை, படத்தோட சத்தம் ஓடுதா?"

"இல்லையே. எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருக்கேன்."

அடுத்த காட்சி. இடிந்து விழுந்த சுவருக்கு அடியில் வீரனின் கால் நசுங்கியது. அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் ஹெட்போனில் ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதான். காதோரம் சூடான மூச்சு பட்டது.

"எனக்கு வலிக்காதுன்னு எழுதிட்டாங்க."

அவர் திரையில் இருந்த வீரனின் முகத்தைப் பார்த்தார். மனசு இளகியது. எத்தனையோ பேருக்காக அழுது கொடுத்தவர் அவர். இவனுக்காக ஒரு தடவை கத்தினால் என்ன? டேக் வீணாகப் போனால் போகட்டும்.

வாயைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

திறந்த வாய் வழியாக ஏதோ உள்ளே இறங்கியது.

முழங்கால் நொறுங்குவதுபோல் வலி. மறுபடி அலறினார். ஹெட்போனைப் பிடுங்கப் பார்த்தார், கை எழவில்லை. கதவுக்கு ஓட நினைத்தார், கால் அசையவில்லை.

எதிரே கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது.

வாய் மூடியிருந்தது.

கண் கலங்கவில்லை. மூச்சு சீராக வந்து போனது.

அந்தப் பக்கம் தங்கை கணவன் கட்டைவிரலை உயர்த்தினான். "பிரமாதம் மச்சான்! ஒரு சின்ன முனகல்கூட இல்ல!"

கதவைத் திற மாப்பிள்ளை, கதவைத் திற என்று உள்ளுக்குள் கதறினார். மைக்கில் பதிவானது மூச்சு மட்டும்தான்.

கதவு திறந்தது. கால்கள் தாமாக நடந்தன. வாய் சிரித்து, விடைபெற்றுக்கொண்டது.

கதவு திறந்த பிறகும் அவர் தன் உடம்புக்குள்ளேயே அடைபட்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டில் மனைவி அடுப்பிலிருந்து வெந்நீரை இறக்கும்போது பிடிதுணி நழுவியது. கொதிநீர் முழுக்க, பக்கத்தில் நின்றிருந்த அவர் கையில் கொட்டியது.

"ஐயையோ! கையை எடுங்க! ஏன் இப்படி மரம் மாதிரி நிக்கிறீங்க?"

தோல் வெந்து சுருண்டது. அந்த எரிச்சல் ஒரு பொட்டு மிச்சமில்லாமல் அவருக்குத் தெரிந்தது. மனைவியை ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட முடிந்தால் போதும் என்றிருந்தது. உதடு பிரியவில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொப்புளங்கள் அடங்கின. வெந்த இடத்தில் புதுத்தோல் மெல்ல மூடியது.

அவள் சுவரோடு ஒண்டினாள். "ஏங்க... வலிக்கலையா?"

"எனக்கு வலிக்காது," என்றது அவர் வாய்.

உள்ளே இரண்டு பேர் கதறிக்கொண்டிருந்தார்கள்.