கையை விட்டால் போகிற பக்கம்

ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்தால் பிக்கப் வலது பக்கம் போனது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. உயரம் ஏற்றிய வண்டி கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் முரண்டு பிடிக்கும் என்பது டிரைவர் அறிவுக்கே தெரியும். அவனை உறுத்தியது வேறு. எண்ணூருக்குப் போகும்போது வலது பக்கம் இழுத்த அதே வண்டி, திருவொற்றியூர் பார்த்துத் திரும்பி வரும்போது இடது பக்கம் இழுத்தது. போகும்போதும் கடல் பக்கம், வரும்போதும் கடல் பக்கம்.

அலைன்மெண்ட் கெட்ட வண்டிக்குக் கடல் எந்தப் பக்கம் என்று தெரியாது. வலது என்றால் ஊரைச் சுற்றி வந்தாலும் வலதுதான். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்து, அறிவு முதல் வாரம் முழுக்க வாயைத் திறக்காமல் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டினான். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் மணிக்கட்டு விண்விண்ணென்று வலித்தது.

உயரம் ஏற்றியது ஆசைக்காக இல்லை. காத்திவாக்கத்தில் இறாலையும் ஐஸையும் ஏற்றிக் காசிமேட்டுக்கு ஓட்டுவதுதான் அவன் பிழைப்பு. போன மழைக்குச் சடையங்குப்பம் வழியாக வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் மாட்டி, இன்ஜினுக்குள் தண்ணீர் போய், வண்டி மாசக்கணக்கில் ஷெட்டில் கிடந்தது. அத்தனை நாளும் மனைவி ரமாபாய்தான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்து வீட்டை ஓட்டினாள். இன்னொரு மழையை அப்படிக் கழிக்க முடியாது என்று அவனுக்கு ரோஷம். வண்டியை உயர்த்துகிற லிஃப்ட் கிட் ஆர்டர் போடலாம் என்று எர்ணாவூர் மெக்கானிக் தேசப்பனிடம் போனான். தேசப்பன் பொதுவாக எதையும் ஆர்டர் போடுகிற ஆள் இல்லை.

"கிட்டு கிட்டுன்னு ஏன் மாமு அல்லாட்ற? அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவுல நாலு இரும்புக் கட்டை. அவ்ளோதான் மேட்டரு. எங்கிட்டயே கீது பாரு. பழைய இரும்புக் கடைல புட்ச்சேன். ஓட்டைகூட போட்டு ரெடியா கீது."

கட்டைகள் கனமாக இருந்தன. துருவுக்கு அடியில் அங்கங்கே பச்சை பெயிண்ட் தெரிந்தது. நாலு சக்கரத்துக்கும் நாலு கட்டை வைத்து முடுக்கியதும் வண்டி ஒரு ஜாண் எழுந்து நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் மதியைத் தூக்கித்தான் உள்ளே உட்கார வைக்க வேண்டியிருந்தது. ஆறு வயசுக்காரி, மேலே உட்கார்ந்துகொண்டு ரோட்டில் போகிற எல்லோருக்கும் டாட்டா காட்டினாள். அன்றைக்கு அறிவுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கடைசியில் விஷயத்தைச் சொன்னபோது தேசப்பன் நிஜமாகவே சிரித்தான். உயரம் ஏறினால் ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற ராடு சாய்ந்துவிடும், அதனால்தான் இழுக்கிறது என்று ராடை மாற்றினான். அலைன்மெண்ட் பார்த்தான். டயர்களை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டான். ஸ்டீரிங் பாக்ஸைத் திறந்து முடுக்கினான். பிறகு அவனே ஓட்டிப் பார்த்தான். கம்பெனிச் சுவர்களுக்கு நடுவில் நேராகக் கிடக்கிற ரோட்டில் வண்டியை ஓடவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வதுதான் அவனுடைய சோதனை.

"கைய வுட்டாத்தான் மாமு வண்டி மன்சுல இன்னா கீதுன்னு தெரியும்" என்றான்.

ஸ்டீரிங் மெதுவாகத் திரும்பியது. மேடு பள்ளத்தில் துள்ளிய ஸ்டீரிங் என்றால் படபடவென்று ஆடும். இது அப்படி இல்லை. தூங்குகிற ஆள் பக்கவாட்டில் புரள்வதுபோல, அவசரமே இல்லாமல், கடல் பக்கம் திரும்பியது. தேசப்பன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து மறுபடியும் கையை எடுத்தான். மறுபடியும் கடல் பக்கம். அவன் சிரிக்கவில்லை.

"ரோடு சாய்வா இருக்கும்" என்றான். ரோட்டைப் பார்க்காமல்தான் சொன்னான்.

அதன் பிறகு அறிவுக்கு ஒரு இடத்தில் நிற்கவோ உட்காரவோ முடியவில்லை. எந்த ரோட்டில் போனாலும் கையை எடுத்துப் பார்க்கத் தோன்றியது. மணலியிலிருந்து கிழக்கே வரும்போது வண்டி கோடு போட்ட மாதிரி நேராக வந்தது. மேற்கே போகும்போது மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது, திரும்பிப் போக வழி தேடுவதுபோல. ராயபுரத்தில் இழுத்த கோணம் வேறு, எர்ணாவூரில் இழுத்த கோணம் வேறு. மனசுக்குள்ளேயே கோடுகளை இழுத்துப் பார்த்தான். எல்லாக் கோடுகளும் எண்ணூர் முகத்துவாரத்தில் போய் முட்டின.

குடியிருப்பு வாசலில் சக்கரத்தை நேராக்கி, ஸ்டீரிங் லாக் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு படி ஏறுவான். காலையில் இறங்கி வந்தால் முன் சக்கரங்கள் கடல் பக்கம் திரும்பியிருக்கும். வெயில் காய்கிற நாளிலும் வண்டிக்கு அடியில் ஈரம் இருந்தது. அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த தரையில் நாலு இடத்தில் சொட்டி, நாலு கறுப்பு வட்டம். கூலன்ட் ஒழுகுகிறதோ என்று குனிந்து விரலில் தொட்டு மோந்தான். சேற்று வாடையும், பழைய வலை வாடையும், அதற்கு அடியில் நாள்பட்ட வேறு ஏதோ ஒரு வாடையும் அடித்தன. நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு.

அவன் ரமாபாயிடம் சொல்லவில்லை. சொன்னால் மதியை வண்டியில் ஏற்ற விடமாட்டாள். தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை அழைத்து வர வேறு ஆள் கிடையாது.

கார்த்திகை மாசத்தில் ஒரு சாயங்காலம். ரமாபாய்க்கு இரண்டாவது ஷிஃப்ட். மதியைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றிக்கொண்டு அப்படியே காத்திவாக்கத்துக்கு லோடு எடுக்கப் போனான். மேகம் மூடி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னாலேயே இருட்டிக்கொண்டு வந்தது. தூறல் என்பதால் மதி கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்து பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தாள். இறால் வியாபாரம் செய்கிற கெங்கம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு வண்டிப் பக்கம் வந்தவள், நின்றுவிட்டாள். வண்டியை உயர்த்திய பிறகு அவள் இன்றைக்குத்தான் கிட்டே வருகிறாள். கூடையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, சக்கரத்துக்கு உள்பக்கம் பார்த்தாள். சேலைத் தலைப்பால் ஒரு கட்டையைத் துடைத்தாள். பச்சை பெயிண்ட் தெரிந்தது.

"இத்த எங்க புட்ச்ச?"

"பழைய இரும்புதான் யக்கா. இன்னாத்துக்கு?"

"எங்க போட்ல இன்ஜினுக்கு அடில கெடந்த கட்டைப்பா இது. என் தம்பி கையால அட்ச்ச பெயிண்டு." அழ ஆரம்பித்தாள். "நாலு பேர் போனானுங்க. போட்டு மட்டும் தானா கரைக்கு வந்துச்சு. ஆள் இல்லாம வந்த போட்ட நாங்க தொட மாட்டோம், விக்க மாட்டோம், கொளுத்தவும் மாட்டோம். போனவங்களக் கூட்டியாரணும்னு அதுக்கு நெனப்பு இருக்கும். அப்டியே கெடக்கட்டும், கடலே எட்த்துக்கட்டும்னு வுட்ருவோம். எவனோ ராவோட ராவா அறுத்து வித்துத் துன்ட்டான்."

முகத்துவாரம் இருந்த திசையை அவள் பார்த்தாள். அறிவும் பார்த்தான். அழுதுகொண்டிருந்தவள் நடுவில் லேசாகச் சிரித்தாள்.

"என் தம்பிதான் அதுல சின்னவன். எந்த வண்டில ஏறுனாலும் முன் சீட்டுதான் வோணும்னு மல்லுக்கு நிப்பான்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வண்டிய இங்கியே வுட்டுட்டு, புள்ளயக் கூட்டினு நடந்து போ நைனா. என் பேச்சக் கேளு."

அறிவு தேசப்பனுக்கு போன் போட்டான். கட்டைகளை இப்பவே கழற்ற வேண்டும் என்றான். "எட்த்துனு வா மாமு, கழட்டிர்லாம்" என்று, ஏன் என்றுகூடக் கேட்காமல் தேசப்பன் சொன்னான். கெங்கம்மா சொன்னபடி நடந்திருக்கலாம். ஆனால் மழை வலுத்துவிட்டது. ஆட்டோ ஒன்றும் கண்ணில் படவில்லை. பிள்ளை போன வாரம்தான் காய்ச்சலில் கிடந்து எழுந்தது. வண்டியை இங்கே விட்டுவிட்டு நாளைக்கு எதை ஓட்டுவது என்ற நினைப்பும் இருந்தது. எர்ணாவூர் என்ன, கூப்பிடுகிற தூரம். கையை விடாமல் பிடித்தால் போதும் என்று நினைத்தான்.

கையை விடவில்லைதான்.

ஊரைத் தாண்டி மெயின் ரோடு ஏறுகிற திருப்பத்தில் ஸ்டீரிங் அவன் கைக்குள்ளேயே சுழன்றது. இழுப்பு இல்லை இது. அவன் கை மேல் இன்னும் பல கைகள் இருந்து, எல்லாமாகச் சேர்ந்து திருப்புவதுபோல் இருந்தது. உள்ளங்கைத் தோல் எரிந்தது. வண்டி ரோட்டை விட்டு இறங்கி, முகத்துவாரத்துக்குப் போகிற மண் பாதையில் ஓடியது. பிரேக்கை மிதித்தான். சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. இன்ஜின் அணைந்தது. ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தான்.

சக்கரம் சுழலவில்லை. வண்டி மட்டும் நகர்ந்தது. ஈர மணல் சரிவில், வழுக்கிக்கொண்டே.

"அப்பா, வூட்டுக்குப் போவலியா?"

"போறோம்மா. அப்பாவ நல்லாப் புட்ச்சுக்கோ."

தண்ணீருக்குள் இறங்கியது. டயர் மூழ்கியது. கால் வைக்கிற படி மூழ்கியது. அங்கே நின்றது. கதவுக்குக் கீழே கறுப்புத் தண்ணீர் தளும்பியது. மழை. தூரத்தில் துறைமுக விளக்குகள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அதற்காகத்தானே அவன் இத்தனை உயரம் ஏற்றினான். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று கதவைத் தள்ளினான். அசையவில்லை. வெளியிலிருந்து யாரோ சாய்ந்துகொண்டிருக்கிற மாதிரி.

வண்டி பின்பக்கம் தாழ்ந்தது.

அந்தத் தாழ்வு அவனுக்குப் பழக்கம். காசிமேட்டில் லோடுமேன் ஏறும்போது பட்டை இப்படித்தான் அழுந்தும், முனகும். ஒரு ஆள். கொஞ்சம் விட்டு இன்னொரு ஆள். இன்னொரு ஆள். பலகை மேல் ஈரக் கால்கள் நடக்கிற சத்தம். உட்கார்கிற சத்தம். மூச்சு வாங்குகிற சத்தம் இல்லை.

நாலாவது தாழ்வுக்குக் காத்திருந்தான். வரவில்லை.

தலைக்கு மேலே, தகரத்தில், இரண்டு தட்டு. லோடு ஏறியாச்சு, எடு என்று லோடுமேன் தட்டுகிற தட்டு.

அவன் சாவியைத் தொடவே இல்லை. இன்ஜின் ஓட ஆரம்பித்தது. வண்டி சேற்றிலிருந்து தானாகப் பின்வாங்கி, திரும்பி, கரையைப் பார்த்து நின்றது. கைகளை ஸ்டீரிங்கிலிருந்து எடுத்துப் பார்த்தான். இத்தனை நாளாக யாராலும் சரிசெய்ய முடியாத ஸ்டீரிங், எந்தப் பக்கமும் சாயாமல், நேராக நின்றது.

மதி பின்கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பக்கத்து ஜன்னலுக்குத் திரும்பினாள். யாரோ பேசுவதைக் கேட்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

"அப்பா, இந்த மாமாக்கு முன் சீட்டுதான் வோணுமாம்."

புத்தகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மதி அப்பா பக்கம் நகர்ந்து இடம் விட்டாள். அவள் பக்கத்துக் கதவின் கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்கியது.