இரண்டாம் நாயகன் தோஷம்

மாலையில் விளக்கேற்றியதும் சண்முகவடிவு மகளின் உணர்பட்டையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கொரிய நாடகம் பார்க்க உட்காருவாள். மகள் காந்திமதி அடுக்களையில் வெங்காயம் நறுக்கியபடி, தான் இப்போது எதற்கு உருகிக்கொண்டிருக்கிறாள் என்பதைத் தாயிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

"எம்மா, நான் அழுதுட்டேனா?"

"அழுதுட்ட. நல்லாவே அழுத. பேசாம வேலையப் பாரு."

பாளையங்கோட்டையில் கல்யாண வயதில் பிள்ளை இருந்த பல வீடுகளில் இதுதான் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டாரும் தம் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

சோதிடம் சும்மா ஒழிந்துவிடவில்லை. செவ்வாய்க் கோளில் குடியேறியவர்கள் வழக்குப் போட்டார்கள். தாங்கள் வாழும் ஊரின் பெயரில் ஒரு தோஷம் இருப்பது தங்கள் பிள்ளைகளின் மானத்தைக் கெடுக்கிறது என்றார்கள். நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இனிமேல் எந்தக் கிரகத்தையும் கல்யாணப் பேச்சில் இழுக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. ராசிக் கட்டம் போயிற்று. ஆனால் எதையும் பார்க்காமல் கல்யாணம் செய்துவைக்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை.

அந்த இடத்தைப் பிடித்ததுதான் ரசனைப் பொருத்தம். ஒருவன் எதற்கு உருகுகிறான் என்பதில்தான் அவன் குணம் இருக்கிறது என்று அறிஞர் குழு ஒன்று கண்டுபிடித்தது. உலகம் முழுக்க எல்லாரும் பார்ப்பது கொரிய நாடகம் என்பதால் அதையே அளவுகோலாக வைத்தார்கள். ஒரு நாடகத்துக்குப் பதினாறு பகுதிகள். பதினாறு நமக்கு ஏற்கெனவே ராசியான எண். உணர்பட்டை நாடியையும் வியர்வையையும் பதிவு செய்து ரசனைக் குறிப்பு எழுதித் தரும். இருவர் குறிப்பும் எழுபது புள்ளிக்குக் கீழே பொருந்தினால் பொருத்த வாரியம் திருமணத்தைப் பதிவு செய்யாது. பதிவானாலும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

இதனால் நாடகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் வழக்கம் ஊரில் செத்துப்போனது. யார் எதைக் கேட்டாலும் "நல்லா இருந்துச்சு" என்பார்கள். வேறு ஏதாவது சொன்னால் பிள்ளைகளின் குறிப்பில் ஏறிவிடுமோ என்ற பயம்.

காந்திமதிக்கு அபிப்பிராயங்கள் தொண்டைவரை நிறைந்திருந்தன. அவள் மேகப் பொறியாளர். தாமிரபரணிக்கு மேலே மேகங்களைத் திரட்டி மழையை இறக்குவது வேலை. நாடகத்தில் நாயகி கண்ணைக் கசக்கியதும் மழை கொட்டுவதைப் பார்த்தால் அவளுக்கு ரத்தம் கொதிக்கும். பணக்கார நாயகன் நாயகியின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனால் பல்லைக் கடிப்பாள். நாயகியை நேசித்துக் கடைசியில் தோற்றுப்போகிற, ஓரமாக நிற்கிற, ஒன்றும் கேட்காத இரண்டாம் நாயகனைப் பார்த்தால்தான் அவள் நாடி சாந்தமாகும். அவளது முதல் குறிப்பில் சிவப்பு எழுத்தில் வந்தது: இரண்டாம் நாயகன் தோஷம், கடுமையானது. கிடைத்தவனை விட்டுக் கிடைக்காதவனை நினைப்பாள் என்று அதற்குப் பொருளாம். வந்த வரன்கள் வாசலோடு திரும்பின. பரிகாரமாக, முதல் நாயகனே வெல்லும் நாடகங்களை முறைப்படி பார்த்து மறுபதிவு செய்யலாம் என்றார்கள். அந்தப் பரிகாரத்தைத்தான் சண்முகவடிவு செய்துகொண்டிருந்தாள்.

பலன் கிடைத்தது. குலசேகரப்பட்டினம் ஏவுதளத்தில் வேலை பார்க்கும் ஆறுமுகநயினார் என்ற பையனோடு தொண்ணூற்றாறு புள்ளி.

பெண் பார்க்கும் சடங்குக்கு இப்போது கூட்டுப்பார்வை என்று பெயர். சொஜ்ஜி, பஜ்ஜிக்குப் பதிலாகக் கடற்பாசி சுற்றிய சோற்றுருண்டை. பெண்ணும் பிள்ளையும் தத்தம் பட்டையைத் தாமே கட்டிக்கொண்டு, பெரியவர்கள் முன்னால் ஒரு பகுதி பார்க்க வேண்டும். மேற்பார்வைக்கு வந்தவர் ரசனைச்செம்மல் முனைவர் திருவாழ்மார்பன். சியோலுக்கு நேரில் போய்வந்தவர். விமானம் மாறுவதற்காக இறங்கியதுதான் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள்.

"அழகியல் என்பது ஆன்மாவின் அலைவரிசை," என்று தொடங்கினார் செம்மல். "இரு அலைகள் இசையும் இத்தருணத்தில்..."

நயினாரின் தாய் உலகம்மை இந்த இடத்தில் கும்பிட வேண்டுமோ என்று நினைத்துக் கும்பிட்டாள். நாடகம் தொடங்கியது.

நாயகி பேருந்து நிறுத்தத்தில் தனியாக நின்றாள். கண் கலங்கியது. மழை வந்தது.

"வந்துட்டு," என்றாள் காந்திமதி, தன்னை மறந்து. "வானத்துல ஒரு பொட்டு மேகம் கெடையாது. ஒரு தூறலுக்கு நாங்க நாள் பூரா மல்லுக்கட்டுதோம். இவ மூக்கை உறிஞ்சுனா போதும்."

சண்முகவடிவு மகளின் தொடையில் கிள்ளினாள். திரையில் பணக்கார நாயகன் குடையோடு வந்து நாயகியின் பக்கத்தில் நின்றான்.

"அந்தக் குடையைப் பாருங்க," என்றான் நயினார் மெதுவாக. "ரெண்டு பேருக்கு ஒரு குடை. ரெண்டு பேருமே பாதி நனையுதாவ. அவ்வளவு பெரிய கம்பெனி வச்சிருக்கான், இன்னொரு குடை வாங்க வக்கில்ல."

"ஏல நயினாரு!" என்றாள் உலகம்மை.

திரையில் இரண்டாம் நாயகன் வந்தான். காய்ச்சலில் கிடந்த நாயகியின் கதவில் கஞ்சியைத் தொங்கவிட்டுவிட்டுச் சத்தமில்லாமல் போனான்.

"இவன் மனுசன்," என்றாள் காந்திமதி.

"இவனா? மனசுல உள்ளதைக் கடைசிப் பகுதி வரைக்கும் சொல்ல மாட்டான். கஞ்சிய வச்சுட்டு ஓடுதவனைக் கட்டிக்கிட்டு என்ன செய்ய? சண்டைக்குக்கூட வர மாட்டான்."

"அப்ப கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போறவன் ஒசத்தியோ?"

"நான் எப்பச் சொன்னேன்? ரெண்டும் உருப்படாததுங்கேன்."

"பின்ன யாரைத்தான் பிடிக்கும் உங்களுக்கு?"

"லாரி டிரைவரை. யார் மேலயாவது மோதி எல்லாத்தையும் மறக்க வைக்கான் பாருங்க, அவன் ஒருத்தன்தான் கதையை நகத்துதான்."

காந்திமதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உடனே கோபமும் வந்தது. கஞ்சிக்காரனைப் பற்றி இவன் எப்படி அப்படிச் சொல்லலாம்? தன் பேச்சை எதிர்த்து ஒருவர் பேசிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு எட்டவில்லை. மடியில் கை வைத்து அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவனும் திரும்பி உட்கார்ந்தான். திரையை இருவருமே பார்க்கவில்லை.

இரண்டு பட்டைகளும் சேர்ந்து அலறின. பதினொன்று.

"தொண்ணூற்றாறு எப்படிப் பதினொன்றாகும்?" என்றார் செம்மல்.

"உங்க பட்டையக் கட்டிக்கிட்டு நாடகம் பாத்தது யாரு?" என்று காந்திமதி நயினாரைக் கேட்டாள். அவன் தன் தாயைப் பார்த்தான். தாய் மின்விசிறியைப் பார்த்தாள்.

"எம்புள்ளைக்கு ஷிப்டு வேலை," என்றாள் உலகம்மை. "வீட்டுக்கு வந்தாலும் டிவியப் பாத்து வஞ்சுக்கிட்டே இருப்பான். அதான் நான் கட்டிக்கிட்டு..."

"நீங்களுமா மதினி?" சண்முகவடிவுக்கு உயிர் வந்தது. "அப்ப அந்த ஆஸ்பத்திரி சீன்ல அழுதது?"

"நாந்தான். நீங்களும் அழுதியளா?"

"பின்ன!"

இரண்டு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தொண்ணூற்றாறு புள்ளிப் பொருத்தம் கண்ணெதிரே நின்றது.

"ஐயா, ஒரு சந்தேகம்," என்றாள் காந்திமதி செம்மலிடம். "இந்த நாயகனும் நாயகியும் மொதப் பகுதியில செருப்பைக் கழத்தாத குறையா சண்டை போட்டாவ. அன்னைக்கு அவங்களுக்குப் பொருத்தம் பாத்திருந்தா எத்தனை வந்திருக்கும்?"

செம்மல் கண்ணாடியைத் துடைத்தார். "நாடகம் வேறு, வாழ்க்கை வேறு, அம்மா."

இரண்டும் ஒன்றுதான் என்று சான்றிதழ் கொடுப்பதே அவர் தொழில். அது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். தொண்ணூற்றாறுக்குக் கீழே அவர் கையெழுத்து இருந்தது. பதினொன்று வாரியத்துக்குப் போனால் செம்மல் பட்டம் நிற்காது.

"இந்தப் பதிவில் கருவிக் கோளாறு. மீள்பதிவு," என்று அறிவித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். குரலோடு தமிழும் கீழே இறங்கியது. "பட்டையக் கழத்தி அம்மமார் கையில கட்டுங்க. புள்ளைய ரெண்டும் அடுக்களைக்குப் போவட்டும். உங்க சத்தமே எனக்குக் கேக்கக் கூடாது, ஆமா."

அடுக்களையில் நயினார் தண்ணீர்ப் பானையின் மேல் சாய்ந்து நின்றான்.

"உங்களுக்குச் சம்மதமா?" என்று கிசுகிசுத்தான்.

"கஞ்சிக்காரனைப் பத்திச் சொன்னது தப்புன்னு ஒத்துக்கிடுங்க."

"ஒத்துக்கிட மாட்டேன்."

"அப்பச் சம்மதம்."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "வருசா வருசம் புதுப்பிக்கணுமே. நாம சண்டை போடணும்னா இவிய ரெண்டு பேரும் சேந்து அழணும்."

"நாம அடுக்களையிலதான் சண்டை போடணும்," என்றாள் அவள். "அதுவும் மெதுவா." சொல்லும்போதே அவளுக்குச் சலிப்பு தட்டியது. ஒருவழியாக ஒரு மனிதன் கிடைத்திருக்கிறான், அவனிடமும் வாய்விட்டுக் கத்த முடியாது.

கூடத்திலிருந்து சண்முகவடிவின் குரல் வந்தது.

"அந்தக் கஞ்சிக்காரப் பையன் பாவம்லா மதினி. மழையில தனியா நிக்கான் பாருங்க."

உலகம்மையோ பணக்காரனின் கார் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டை மெல்ல முனகியது. இத்தனை நாள் மகளுக்காக முதல் நாயகனுக்கே அழுத தாய்க்கு இன்றைக்கென்று பார்த்து மனம் இளகிவிட்டது.

"எண்பத்தஞ்சு," என்றது செம்மலின் குரல். "அம்மா, மனசைக் கட்டுப்படுத்துங்க, எழுபதுக்குக் கீழ போயிரக் கூடாது... எழுபத்தெட்டு."

காந்திமதி நிலைப்படியில் ஒட்டிக்கொண்டு, தாயின் மணிக்கட்டுப் பட்டையில் மின்னிய எண்ணையும் திரையையும் எட்டிப் பார்த்தாள். திரையில் கஞ்சிக்காரன் நனைந்துகொண்டிருந்தான். அவள் பார்த்ததிலேயே நல்ல முகம். எதிர்ப் பக்கம் பெரிய கார் வந்து நின்றது. பணக்காரன் இறங்கினான். இறங்கியவன் அசையாமல் நின்றான்.

"எழுபத்திரண்டு."

பட்டை இல்லாத அவள் கையில் நாடி அடித்துக்கொண்டது. அதை எந்தக் கருவியும் எழுதவில்லை.

"போடா," என்று பல்லிடுக்கில் சொன்னாள் காந்திமதி. "போயி கையப் பிடி. பிடிச்சு இழுத்துட்டுப் போ, மூதி."

"நீங்க இப்ப யாரு பக்கம்?" என்றான் பின்னாலிருந்து நயினார்.

"வாய மூடுங்க," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எழுபத்தொண்ணு."