கேளாவிளை

சித்திரை வெயிலில் ஊர்க் கிணறுகளெல்லாம் வற்றிக் கிடக்க, கேளாவிளை வேதக்கோயிலில் திருவிருந்து மேசைக்கு முன்னால் மட்டும் தரைக்கல் ஈரமாக இருந்தது. எலிசாள் எத்தனை தடவை துடைத்தாலும் மறுபடி கசிந்தது. பாசியும் துருவும் கலந்த வாடை அவள் முந்தானையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் கூடவே வந்தது. மகாராஜா எல்லாச் சாதிக்கும் அம்பலக் கோயில்களைத் திறந்துவிட்ட மறு வருஷம் அது. உபதேசியார் ராஜையனைக் கட்டிக்கொண்டு, நெய்யாற்றங்கரைக்குத் தெற்கே இருந்த இந்தக் குக்கிராமத்துக்கு அவள் அப்போதுதான் வந்திருந்தாள்.

"அதுக்கு மேல பாய விரிச்சுப் போடு," என்றான் ராஜையன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சனிக்கிழமை சாயங்காலம் விளக்குக்கு எண்ணெய் விடும்போது பாய்க்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. தவளை என்று நினைத்தாள். அது மூச்சு வாங்கிக்கொண்டு பேசியது.

"ஆராவது இருக்கியளா?"

பக்கத்து வீட்டுத் தாசம்மாளிடம் ஓடினாள். தாசம்மாள் மரச்சீனிக் கிழங்கு நறுக்குவதை நிறுத்தவில்லை.

"வெள்ளக்காரச் சாயிப்பு கேட்டா, சுவிசேஷம் கேளாத விளைன்னு பேருக்கு அர்த்தம் சொல்லுவோம். அது இல்ல பிள்ளே. கோயிலுக்கு அடியில மேல்சாதித் தம்புரான்மாரு கிணறு. தண்ணி கோரப்போன நம்ம சாதிப் பெண்ண உள்ள தள்ளிட்டாவ. ஆராவது இருக்கியளான்னு அவ விளிச்சுக்கிட்டே கிடந்தா. ஊரே வீட்டுக்குள்ள இருந்து கேட்டுது. ஒருத்தரும் போகல்ல. கேட்டும் கேளாத விளை."

"இப்பவும் விளிக்காளே அக்கா!"

"எல்லாருக்குந்தான் கேக்கும். நீயும் பழகிக்கோ."

அந்தக் கல்லின்மேல் முழங்கால் போட்டுத்தானே ஞாயிறுதோறும் இவர்கள் ஜெபித்தார்கள்! எலிசாள் அங்கே சுவரில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கோயிலுக்குத் திரும்பினாள். பாயை இழுத்தெறிந்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்துக் கல்லை நெம்பினாள். கல் விலகியது. குளிர்ந்த காற்று. இருட்டு. அதே வாடை.

"நான் வந்திருக்கேன். கையத் தாங்க."

குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள்.

ஒரு கை பற்றியது. தோல் வழுக்கியது. பிடி வழுக்கவில்லை.

இழுத்தது.

"ஏங்க! ஓடி வாங்க!"

ராஜையன் வாசலுக்கு வந்தான். பின்னால் தாசம்மாள். அவளுக்குப் பின்னால் ஊர். யாரும் படி ஏறவில்லை.

எலிசாள் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். ராஜையனின் உதடுகள் ஜெபத்தில் அசைந்தன. பிறகு இரண்டு கதவுகளையும் மெதுவாகச் சேர்த்தான். அந்தி வெளிச்சம் கோடாக மெலிந்தது.

அணைந்தது.

அவள் தோள் விளிம்பைத் தாண்டிவிட்டது. கீழேயிருந்து இன்னொரு கை மேலே வந்தது. ஊறிப்போன விரல்கள். அழுகிற பிள்ளையைத் தேற்றுவதுபோல அவை அவள் தலைமுடியைக் கோதிவிட்டன.