மேல் துளை

"ஹலோ, துமினா, நான்தான்" என்று வினார்சி மூன்றாவது முறை சொல்லியும், மறுமுனையில் இருந்த தங்கை, "போனை அக்காகிட்ட குடுங்க" என்றாள்.

குரலில் எரிச்சல் இருந்தது. முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசுகிற எரிச்சல்.

"அக்காகிட்ட குடுங்கன்னு சொல்றேன்ல. நீங்க யாரு?"

இணைப்பு அறுந்தது. அடுத்த நிமிடம் தங்கையிடமிருந்து எழுத்தில் செய்தி வந்தது: 'யாருக்கா அந்த ஆளு? உன்ன வீட்ல இல்லங்கறான். கல்யாண வீட்டம்மா நாலு மணிக்கு உன்கிட்ட பேசுவாங்க. நீயே எடு.'

வினார்சி சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். செமாராங் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் மத்தியானத்திலிருந்தே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் விழும் சத்தத்துக்கு அடியில், கடல் ஏறிய நேரமாதலால் சாக்கடை வழியே உப்புத் தண்ணீர் களக்களக்கென்று மேலேறும் சத்தமும், அடுப்பில் பெரிய குக்கருக்குள் வாழையிலை விரித்து அடுக்கிய பால்மீன்கள் மஞ்சளும் பூண்டும் கலந்து வேகும் முணுமுணுப்பும் கேட்டன. வேறு சத்தமில்லை. வேறு யாருமில்லை. கணவன் ஹர்ஜோனோ செத்து எட்டு மாதமாகிறது.

மணி மூன்று பத்து.

முள்ளெல்லாம் கரையும்படி மீனை வேகவைத்து விற்பது அவள் தொழில். இதுவரை சந்தைக் கடைகளுக்குப் பத்து, இருபது என்று போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாண வீடு என்பது இதுதான் முதல் தடவை. துமினா சுரபாயாவில் இருந்துகொண்டு யார் யாரிடமோ சொல்லிப் பிடித்துக் கொடுத்தது.

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு பார்த்தி குடையோடு போனாள். வினார்சி போனை ஆட்டிக் காட்டினாள். "மத்தியானத்துலேர்ந்து நான் பேசுறது யாருக்கும் கேக்க மாட்டேங்குது."

"அரிசிக்குள்ள போட்டு வை. சரியாயிடும்."

"அரிசி சோறாக்கத்தான் இருக்கு."

"அப்போ உன் வாய்க்குப் பயந்து ஊமையாயிடுச்சுன்னு வச்சுக்கோ" என்று சிரித்தபடி பார்த்தி போய்விட்டாள்.

மீன் ஆவிதான் காரணம், வேறென்ன. வினார்சி போனில் ஒரு வீடியோவைத் தேடிப் போட்டாள். பழுது பார்க்கும் பெண் ஒருத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனாள். இவளும் அதன்படியே செய்துகொண்டு வந்தாள். உறையைக் கழற்றினாள். ஓரமெல்லாம் மஞ்சளும் எண்ணெயும் அப்பியிருந்தது. புதுப் பல்துலக்கியின் நுனியால் அடியில் இருந்த துளைகளைப் பூப்போலத் தேய்த்தாள். புளூடூத் தானாக வேறெதனோடாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. அணைத்தாள். போனையே ஒருமுறை அணைத்துப் போட்டாள்.

"இப்போ உங்க குரலப் பதிவு பண்ணிக் கேளுங்க" என்றாள் வீடியோப் பெண்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பதிவு செய்து காதில் வைத்தாள் வினார்சி.

மழை. குக்கர். ஈரத்துணிக்குள் இருந்து வருவது போலத் தன் குரல். பிறகு, அதைவிடக் கிட்டத்தில், தெளிவாக, அவசரமே இல்லாமல்:

"அவ இல்ல."

வினார்சி அதை மறுபடி போடவில்லை. தேவையில்லை. பதினொரு வருடம் கேட்ட குரல். போன் அடித்தால் ஹர்ஜோனோ கையை நீட்டுவான். அவள் கொண்டுபோய் அந்தக் கையில் வைக்க வேண்டும். அவ இல்ல. அவ வேலையா இருக்கா. அவளுக்கு அதெல்லாம் தெரியாது. அவள் அம்மாவின் கடைசி அழைப்புக்கும் அதே பதில்தான் போயிற்று. தங்கையோடு பேசுவதென்றால் கழிப்பறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுத்தில்தான்.

ஆனால் இந்தப் போன் அவன் தொட்டதல்ல. அவன் போன பிறகு, தானே கடைக்குப் போய், தானே பேசி வாங்கியது.

கல்யாண வீட்டம்மாவுக்கும் எழுதி அனுப்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. விரல் எழுத்துப் பலகை வரை போயிற்று. எடுத்துக்கொண்டாள். 'இனிமே ஒளிஞ்சு எழுத மாட்டேன்' என்று மனதுக்குள் சொல்லிவிட்டு வீடியோவை மேலே ஓட்டினாள்.

"போன்ல ரெண்டு மைக் இருக்கும். கீழ இருக்கற துளை உங்க வாய்க்கு. மேல, கேமராவுக்குப் பக்கத்துல, குண்டூசி முனை மாதிரி இன்னொண்ணு. அது சுத்தி இருக்கற இரைச்சலக் கேக்கறதுக்கு. ஒவ்வொண்ணா விரலால மூடிப் பாருங்க. எதுல கோளாறுன்னு தெரிஞ்சுடும்."

கீழ்த்துளையை மூடிப் பதிவு செய்தாள். அவள் குரல் காணாமல் போயிற்று. அவன் குரல் அப்படியே இருந்தது. மேல்துளையை மூடினாள். அவள் குரல் மட்டும், கழுவி வைத்த பாத்திரம் போலச் சுத்தமாக.

ஆக, போனில் கோளாறு இல்லை. மேல்துளைக்குத்தான் அவன் குரல் கேட்கிறது.

"மேல் மைக்குக்குப் பக்கத்துல எது இருக்கோ, அதுதான் பெருசா கேக்கும்" என்றாள் வீடியோப் பெண்.

போன் காதில் இருந்தது. மேல்துளைக்குப் பக்கத்தில் அவள் காது. காதுக்குப் பின்னால் கழுத்து. கழுத்துக்குப் பின்னால்.

அவள் திரும்பவில்லை. போனைச் சமையல் மேடையில் பதிவில் விட்டுவிட்டு முன்னறையில் போய் நின்று, இருபது எண்ணி வந்து கேட்டாள். மழையும் குக்கரும் மட்டும். சமையலறையில் அது இல்லை. இவளோடு முன்னறைக்கு வந்திருக்கிறது. இவளோடு திரும்பியிருக்கிறது.

போனை இடுப்பருகே பிடித்துப் பதிவு செய்தாள். குரல் மேலிருந்து, தூரமாக வந்தது. இடது தோளருகே. கொஞ்சம் கிட்டே. வலது தோளருகே.

மூச்சு. ஈர மூச்சு. "அவ இல்ல."

வலது பக்கம். ஒரு சாண்.

மணி நான்காக ஐந்து நிமிடம். பார்த்தியின் வீடு பத்தடி. ஓடலாம். ஓடினால் அங்கே கல்யாண வீட்டம்மாவுக்குப் பதில் சொல்வது யார்? இது என் அடுப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் இருக்கேன்" என்றாள், வலது பக்கம் பார்க்காமல். "நீதான் இல்ல."

மீன் பெட்டிக்கு ஒட்டும் டேப்பில் ஒரு துணுக்கைக் கடித்து எடுத்தாள். மேல்துளையின் மேல் வைத்து நகத்தால் அழுத்தினாள். ஒட்டவில்லை. முந்தானையால் எண்ணெயைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். ஒட்டியது. பதிவு செய்து கேட்டாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

அவள் மட்டும்.

அவள் கழுத்தில் இவ்வளவு நேரமாக ஒரு ஈரக் காற்று பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அது நின்ற பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

போன் அடித்தது.

"வினார்சியா பேசறது?"

"ஆமாம்மா. நான்தான்."

"நல்லா கேக்குதும்மா. மத்தியானம் கூப்ட்டேன், யாரோ ஒருத்தர் நீ இல்லேன்னுட்டார். போகட்டும். வெள்ளிக்கிழமைக்கு நூத்தம்பது மீன் வேணும். பெரியவங்க நிறைய வருவாங்க, ஒரு முள்ளு தட்டக் கூடாது. முடியுமா உன்னால?"

ஹர்ஜோனோ பிடிக்கும் கிராம்புச் சுருட்டின் வாசனை வந்தது.

"முடியும்மா. நாலு மணி நேரம் வேக வச்சா முள்ளு வெண்ணெயாட்டம்..."

ஏதோ ஒன்று வலது பக்கத்திலிருந்து வந்து வாயின் மேல் படிந்தது. குளிர். உள்ளங்கையின் ஈரம். பழைய பழக்கத்தில் அவள் தோள்கள் தாமாகக் குறுகின. நிமிர்த்தினாள்.

"...ஆயிடும்மா."

"குரல் அமுங்குதே. உன் போன் சரியில்லையோ?"

"போன் நல்லா இருக்கும்மா." உதடு பல்லில் அழுந்தி ரத்தம் உப்புக் கரித்தது. "வெள்ளிக்கிழமை காலைல தந்துடுவேன். வேற யார் பேசினாலும் நம்பாதீங்க. எங்கிட்டதான் பேசணும்."

"சரிம்மா. சம்பல் எந்த மாதிரி பண்ணுவே, சொல்லு."

அவள் சொன்னாள். மிளகாய். தக்காளி. இறால் விழுது. ஒவ்வொரு சொல்லாக. ஒவ்வொரு சொல்லுக்கும் அது இன்னும் அழுத்தியது. அவள் இன்னும் உரக்கச் சொன்னாள்.

எதிரே அலமாரியில் சாய்த்து வைத்திருந்த இன்னொரு குக்கரின் மூடியில் அவள் முகம் தெரிந்தது. பின்னால் சுவர். வேறு எதுவும் இல்லை. இடது கன்னத்தில் நான்கு குழிகள், வலது கன்னத்தில் ஒன்று. பிடிக்கிற கையே இல்லாமல் ஆழமாகிக்கொண்டே போயின. குழிகளுக்கு நடுவே நசுங்கி வெளுத்த அவள் உதடுகள் நிற்காமல் அசைந்துகொண்டிருந்தன.