மேட்டு வீட்டின் உள்ளறை

வண்டியை வலது பக்கம் திருப்பியது யாருடைய கை என்று ஹால்பேராவுக்கு இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். போலீஸ்காரர் கேட்டபோது ஒரு பதில் சொன்னாள், ஒரு மாதம் கழித்துப் போதகர் கேட்டபோது வேறொன்று சொன்னாள். இரண்டுமே சொன்ன நேரத்தில் உண்மையாகத்தான் இருந்தன. சில நாட்களில், பக்கத்தில் இருந்த கணவன் ஸ்டூர்லாவின் கை குறுக்கே வந்து ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்ததாக நினைவு வருகிறது. வேறு நாட்களில் அவன் ஒன்றுமே செய்யவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் இருந்தான், அந்த மௌனம் தாங்காமல் அவளே திருப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் துல்லியமாக நினைவிருக்கிறது. முதலில் அந்த அட்டை.

மேட்டு வீட்டின் கதவுக் கைப்பிடியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை அட்டை, சிவப்பு எழுத்து. 'வீடு காலி. எல்லோரும் வெளியேறிவிட்டோம்.' பனிமலைக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு பண்ணை வீட்டிலும் சமையலறை இழுப்பறையில் இப்படி ஒன்று இருக்கும். பனிக்கு அடியில் இருக்கும் எரிமலை வெடித்து, பனி உருகி வெள்ளம் வரப்போகிறது என்று கைப்பேசியில் செய்தி வந்தால், அட்டையை வாசலில் மாட்டிவிட்டுக் கிளம்பவேண்டும். மீட்புக் குழுவினர் அட்டை தொங்கும் வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்தமாட்டார்கள். தேட அங்கே யாரும் இல்லை என்று அர்த்தம்.

ஹால்பேராவும் அரைமணி நேரத்துக்கு முன்னால் தன் வீட்டில் மாட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆனால் மேட்டு வீட்டில் பதினொரு வருடமாக ஆளே இல்லை.

"கெட்டில் பண்ணின கூத்தா இருக்கும்," என்றான் ஸ்டூர்லா. "ஆளில்லாத வீட்டுக்கும் அட்டை மாட்டிக் கணக்குக் காட்டியிருக்கான்."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது. வண்டிக் கூரையிலும் அவன் தோளிலும் அவள் கண்ணிமையிலும் சாம்பல் படிந்திருந்தது. அட்டையில் மட்டும் ஒரு துகள்கூட இல்லை.

கெட்டில் ஸ்டூர்லாவின் அண்ணன். மீட்புக் குழுவில் இருப்பவன், வெள்ள நேரத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்குமிடத்தை நடத்துகிறவனும் அவன்தான். இரண்டு இலையுதிர்காலத்துக்கு முன்னால், மலையிலிருந்து ஓட்டிவந்த ஆடுகளைப் பட்டியில் பிரித்துக்கொண்டிருந்தபோது, ஒரு குட்டியைத் தூக்கி, யாருடைய ஆடு என்று அறியக் காதில் போடும் அடையாள வெட்டை ஊருக்கே காட்டி, "இதோட காதுல இருக்கறது என் வெட்டு. அதுக்கு மேல என் தம்பி தன் வெட்டைப் போட்டிருக்கான்" என்று சொன்னவன். அந்த ஊரில் ஒருவனைத் திருடன் என்று சொல்ல அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை.

வண்டியில் வரும் வழியிலேயே அவள் சொல்லிப் பார்த்திருந்தாள். "பள்ளிக்கூடத்துல சூப்பு இருக்கும். கட்டில் போட்டிருக்காங்களாம். நர்ஸ் இருக்கா, ஆக்சிஜன் சிலிண்டர் இருக்குன்னு செய்தியிலயே போட்டிருக்காங்க."

"சூப்பை ஊத்தறது யாரு? கெட்டில். கரண்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, திருடனுக்கு ஒரு தட்டுன்னு கத்துவான்."

"கத்தட்டுமே. உனக்கு ஆஸ்துமா. சாம்பல் கொட்டப்போகுது. உன் இன்ஹேலர்ல எவ்வளவு இருக்கு?"

"இருக்கற வரைக்கும் இருக்கு."

"ஆட்டிக் காட்டு."

அவன் காட்டவில்லை. பிறகு சாலை பிரியும் அந்த முனை வந்தது. இடது பக்கம் பாலம், பள்ளிக்கூடம். வலது பக்கம் வெள்ளம் ஏறாத மேடு.

மேட்டு வீட்டின் கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே ஈரக் கம்பளி வாசனை, அதற்கடியில் மலையிலிருந்து வரும் அழுகிய முட்டை நாற்றம். சமையலறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, துருப்பிடித்த அடுப்பு. சமையலறையின் மறுகோடியில் உள்ளறைக்குப் போகும் கதவு. ஸ்டூர்லா தோளால் தள்ளிப் பார்த்தான்.

"ஈரத்துல உப்பிப் போயிருக்கு. விடு. நமக்கு இது போதும்."

ஹால்பேராவின் கைப்பேசி அடித்தது. கெட்டில்.

"உங்க வீட்டுல அட்டை தொங்குதுன்னு பசங்க சொல்லிட்டாங்க ஹால்பேரா. ஆனா நீங்க ரெண்டு பேரும் இங்க வந்து பேர் குடுக்கலையே. எங்க இருக்கீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஸ்டூர்லா கைப்பேசியைப் பிடுங்கினான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"செல்ஃபோஸ் டவுன்ல இருக்கோம். இவ அக்கா வீட்டுல. எங்க பேரை அடிச்சுக்கோ."

"ஸ்டூர்லா, இருடா. பாலத்தைத் தாண்டிட்டீங்களா? எப்ப..."

"அடிச்சுக்கோன்னேன். என் பேரை அடிக்கிறதுன்னா உனக்குக் கசக்குமா என்ன?"

கைப்பேசியை மேஜையில் குப்புற வைத்தான். அவள் திரும்ப எடுத்துக் கூப்பிட்டிருக்கலாம். இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள், எடுக்கவில்லை. கால்மணி நேரம் கழித்து எடுத்தபோது சிக்னல் போயிருந்தது.

மதியம் இரண்டரை மணிக்கு வெளிச்சம் போயிற்று. அக்டோபர் மாதத்தில் சாயங்காலம் மெல்ல மெல்ல வந்து இருட்டுவதுபோல் அல்ல அது. மேற்கே மஞ்சளாக ஒரு கோடு இருந்தது, அது பழுப்பானது, யாரோ ஒரு போர்வையை இழுத்து மூடியதுபோல் அதுவும் மறைந்தது. ஜன்னலுக்கு வெளியே நிறுத்திய வண்டி தெரியவில்லை. பிறகு ஜன்னலே தெரியவில்லை. தகரக் கூரைமேல் சாம்பல் விழும் சத்தம் மட்டும், ஓயாமல் மணலைச் சலிப்பதுபோல், தலைக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. எங்கோ தூரத்தில் மலைக்குள் இடி. அது காதில் விழவில்லை, பாதத்தின் அடியில் தெரிந்தது.

ஹால்பேரா நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டாள். கொண்டுவந்த தண்ணீரில் துண்டுகளை நனைத்துப் பிழிந்து, ஜன்னல் இடுக்குகளில் சொருகினாள். வாசல் கதவின் அடியில் ஒரு கம்பளியைத் திணித்தாள். சாம்பல் வரும் நாளில் அங்கே குழந்தைகூடச் செய்யும் வேலை அது. ஸ்டூர்லா மேஜையில் முழங்கையை ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். உள்ளே போகும்போது விசில். வெளியே வரும்போது அதைவிட நீளமான விசில்.

"மருந்து அடி."

அடித்தான். காற்றுதான் வந்தது.

"தீர்ந்துபோச்சா?"

இருமினான்.

உள்ளறையிலிருந்து இன்னொரு இருமல் வந்தது.

எதிரொலி, என்று அவள் நினைத்தாள். காலி வீட்டில் எதிரொலிக்கத்தான் செய்யும். அவன் மறுபடி இருமினான், கதவுக்கு அந்தப் பக்கமும் இருமியது, அதே இழுப்பு, கடைசியில் அதே செருமல். அவள் அதை எண்ண ஆரம்பித்தாள், எண்ணினால் பயம் குறையும் என்று. மூன்று. நான்கு. ஐந்தாவது முறை சத்தம் அங்கிருந்துதான் முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் ஸ்டூர்லா இருமினான்.

"கேட்டியா?"

"என்னது?"

"உள்ள யாரோ இருக்காங்க."

"எலியா இருக்கும்." அவனால் சிரிக்க முடிந்தது. "இல்லேன்னா கெட்டில். என்னைத் தேடி வந்து ஒளிஞ்சிருக்கான்."

கடைசித் துண்டு கையில் இருந்தது. உள்ளறைக் கதவின் அடியிலும் சொருகவேண்டும். அவள் மண்டியிட்டாள். கதவின் கீழ் இடுக்கில் விரலை விட்டாள்.

அங்கே ஏற்கெனவே துணி இருந்தது.

உள்பக்கத்திலிருந்து திணித்த துணி. மடித்து, மடித்து, இடைவெளியே இல்லாமல். விளக்கைச் சாய்த்துப் பார்த்தாள். பக்கவாட்டு இடுக்குகளிலும் மேலேயும், நாலு பக்கமும் துணி. பதினொரு வருடப் பழைய துணி என்றால் தொட்டதும் பொடிந்திருக்கவேண்டும். அது ஈரமாக இருந்தது. அவள் விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது.

வெதுவெதுப்பான தண்ணீர்.

அவள் விரல் பட்ட இடத்தில் துணி அசைந்தது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ இன்னும் கொஞ்சம் இறுக்கித் திணித்தார்கள்.

அவள் பின்னால் நகர்ந்தாள். கூரைமேல் சாம்பல் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, கதவுக்கு அந்தப் பக்கம், மூச்சுகள். ஒன்று இல்லை. பல. எல்லாம் ஒரே சீராக, எந்தச் சிரமமும் இல்லாமல், தூங்குகிறவர்களின் மூச்சுபோல.

ஸ்டூர்லாவுக்கும் அது கேட்டது. அவன் முகத்தில் பயம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வந்தது பொறாமை.

"அங்க காத்து நல்லா இருக்கு," என்றான்.

"ஸ்டூர்லா, வா. வண்டிக்குப் போகலாம். பள்ளிக்கூடத்துக்குப் போகலாம்."

"வெளிய வந்தா... நாலு அடி... தாங்கமாட்டேன். அவங்களுக்கு மூச்சு... வாங்கலை பாரு."

"யாரு அவங்க?"

அவன் எழுந்துவிட்டான். அவள் கையைப் பிடித்தாள். உதறினான். மூச்சு முட்டுகிறவனிடம் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கதவில் உள்ளங்கையை வைத்தான். தள்ளவில்லை. வைத்தான், அவ்வளவுதான்.

முதலில் மேலேயிருந்த துணி உள்ளே உருவப்பட்டது. பிறகு பக்கத்துத் துணிகள். நிதானமாக, ஒவ்வொன்றாக. கடைசியாகக் கீழே இருந்தது. கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. அவளுடைய விளக்கு வெளிச்சம் அந்த இடைவெளிவரை போய் நின்றுவிட்டது. உள்ளே போகவில்லை.

அவன் போனான்.

கதவு மூடியது. துணிகள் திரும்ப வந்தன. கீழே. பக்கத்தில். மேலே.

ஹால்பேரா நின்றாள். விசில் சத்தம் கேட்டது. அவன் மூச்சு. நீளமாக ஒன்று. அதைவிடக் குட்டையாக ஒன்று. பிறகு விசில் இல்லை. மற்ற மூச்சுகளோடு சேர்ந்துவிட்டது. எது அவனுடையது என்று பிரிக்க முடியவில்லை.

"ஹால்பேரா."

அவன் குரல்தான். இழுப்பு இல்லை, செருமல் இல்லை. இருபது வருடத்துக்கு முன்னால் அவள் கேட்ட குரல்.

"வா. இங்க இன்னொரு ஆளுக்கு எடம் இருக்கு."

அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"நகர்ந்து உக்காரச் சொல்லிட்டேன். வா."

கதவின் மேல் ஓரத்துத் துணி அசைந்தது.

"சாப்பாடுகூட வேணாம் இங்க. ஹால்பேரா. வா."

துணி உருவப்பட்டது.

ஓடினாள். வாசல் கம்பளியைக் காலால் தள்ளி, கதவை இழுத்து, வெளியே. சாம்பல் வாயில், மூக்கில், கண்ணில். வண்டி இருமியது, நின்றது. மறுபடி திருகினாள். கிளம்பவில்லை. இறங்கினாள். சாலையோரத்தில் பனிக்காலத்துக்காக நட்டிருக்கும் மஞ்சள் கம்பு ஒன்று கையில் தட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை நீட்டி நடந்தாள். அடுத்த கம்பு. அடுத்தது. பின்னால் திரும்பவில்லை. பின்னால் யாரும் கூப்பிடவும் இல்லை. அதுதான் மோசமாக இருந்தது.

பதினான்காவது கம்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடித்தது கெட்டில். தம்பி சொன்னதை அவன் நம்பவில்லை. செல்ஃபோஸில் அவள் அக்காவுக்குப் போன் செய்து, அவர்கள் அங்கே வரவில்லை என்று தெரிந்ததும், பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் தடுத்தும் கேட்காமல் பெரிய சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுச் சாலையில் தேடி வந்துவிட்டான். முகமூடியைக் கழற்றி அவள் முகத்தில் வைத்தான்.

"அவன் எங்க?"

அவள் மேட்டைக் காட்டினாள்.

"தனியாவா விட்டுட்டு வந்த?"

"தனியா இல்ல," என்றாள் ஹால்பேரா.

மேட்டு வீட்டுக்கு வண்டியை விட்டு, அதில் இருந்த கடப்பாரையால் கெட்டில் உள்ளறைக் கதவை உடைத்தான். உள்பக்கத்துத் துணிகள் சுண்ணாம்புபோல் காய்ந்து இறுகியிருந்தன. கதவு திறந்தபோது ஒரு பொடி உதிர்ந்தது, அவ்வளவுதான். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆனாலும் தரை முழுக்கக் கணுக்காலளவு சாம்பல், ஒரு காலடித் தடம்கூட இல்லாமல், வழவழவென்று. எதிர்ச் சுவரோரமாக ஆறு பள்ளங்கள் வரிசையாக இருந்தன, ஆட்கள் உட்கார்ந்து எழுந்த அளவில். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மேலே சுவரில், முதுகு சாய்த்த இடத்தில் எண்ணெய்க் கறை. ஏழாவதாக ஸ்டூர்லா உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. முகத்தில் சாம்பல் இல்லை. மூச்சு இல்லை.

அவனுக்கும் ஆறாவது பள்ளத்துக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு யாரோ சாம்பலை ஒதுக்கித் தரையைத் துடைத்து வைத்திருந்தார்கள். கையால் ஒதுக்கியது. விரல் தடங்கள் தெரிந்தன. பாதி ஸ்டூர்லாவின் பக்கத்திலிருந்து. பாதி மறுபக்கத்திலிருந்து.

கெட்டில் அதை நெடுநேரம் பார்த்தான். பிறகு தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

வெள்ளம் ஹால்பேராவின் வீட்டைத் தொடாமல் மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் தங்கிய நாற்பத்தொரு பேரும் மறுநாள் வீடு திரும்பினார்கள். ஸ்டூர்லாவை ஊர்த் தேவாலயக் கல்லறையில் புதைத்தார்கள். மூச்சடைப்பு என்று டாக்டர் எழுதினார். கெட்டில் மீட்புக் குழுவிலிருந்து விலகினான், அந்த வருடமே ஆடுகளை எல்லாம் கொடுத்துவிட்டான். ஹால்பேரா வடக்கே ஆகுரெய்ரியில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். அங்கே எரிமலை இல்லை. மேட்டு வீடு இன்னும் நிற்கிறது. அதை இடிக்கப் போன இரண்டு பேர் முதல் நாளே திரும்பி வந்துவிட்டார்கள். காரணம் கேட்டவர்களிடம், உள்ளறையில் ஆட்கள் இருக்கிறார்கள், ஏழு பேர், என்று சொன்னார்கள்.