விளிம்பு வரை ஊற்றிய தேநீர்

புலாவ் விற்றுத் தீர்ந்த அந்தக் குளிர்கால மதியம், மர்கிலான் நகரத்து உணவகம் ஒன்றின் நடு மேசையில் நால்வர் இருந்தார்கள். கதவுக்கு எதிரே, மரியாதைக்குரிய இடத்தில், முதலாளி ஜஹோங்கிர். அவருக்கு வலப்பக்கம், இருபத்திரண்டு ஆண்டுகள் கொப்பரை முன் நின்ற சமையல்காரர் தோஷ்மத். கதவருகே, தேநீர் ஊற்றும் லோபர். தோஷ்மத்துக்கு எதிரே, மேலாளர் சனோபர். முதலாளிக்கும் அவளுக்கும் இடையே ஒரு நாற்காலி காலி.

யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சுவரிலிருந்த திரை காட்டிக்கொண்டிருந்தது. அதிலும் நான்கு பெயர்கள்தான். ஆனால் சனோபர் என்ற பெயர் அந்தக் காலி நாற்காலியில் ஒளிர்ந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தை வெற்றிடம் என்று காட்டியது.

கேமரா நகர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வசந்தத்தில் வந்த கணினி மேலாண்மை ஏற்பாடு அது. அரிசி எவ்வளவு, ஆட்டுக்கறி எவ்வளவு, யாருக்கு எந்த ஷிஃப்ட், எல்லாவற்றையும் அதுவே தீர்மானித்தது. அவள் காதில் மாட்டியிருந்த கருவி வழியாக அவள் பேச்சைக் கேட்டுக் கேட்டு, இலையுதிர் காலத்துக்குள் தொலைபேசியிலும் அவள் குரலிலேயே பதில் சொல்லத் தொடங்கியது. அவளுக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. அப்போதுதான் ஒரு நாள் அது கேட்டது, ஊழியர்களில் யாரிடமாவது வெளியே தெரியாத குறை உண்டா என்று. அடுத்தது தன் நாற்காலிதான் என்ற பயத்தில் அவள் எழுதினாள்: காய்ச்சலுக்குப் பிறகு தோஷ்மத்தின் நாக்குக்கு உப்பு தெரிவதில்லை.

அது இருவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். மூன்று ஆண்டுகளாக, கொப்பரையை மூடுமுன் அவர் ஒரு கரண்டி நீட்டுவார், அவள் ருசித்துத் தலையசைப்பாள். அதை எழுத அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"இனிமே பேரனுங்களுக்கு சமைச்சுப் போடுங்கண்ணே. குறை சொல்ல மாட்டாங்க," என்றார் முதலாளி.

"நீ இன்னும் தாத்தா ஆகல, அதான் இப்படிப் பேசுற," என்றார் தோஷ்மத். லோபர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஆறிய கொழுப்பும் சீரகமும் ஈர மரமும் கலந்த வாடை அறையில் தேங்கி நின்றது. அடுக்களையில் குளிர்பெட்டி உறுமி, நின்று, மறுபடி உறுமியது. பணிநீக்கக் கடிதம் மேசை நடுவில், ஒட்டாத உறையில் கிடந்தது.

தோஷ்மத் சனோபரைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் தங்கச்சி. மெஷினுக்கு நாக்கு கிடையாதே. என் நாக்கு செத்துப்போனது அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சனோபரின் கன்னம் எரிந்தது. சொல்லிவிட வேண்டும். நான்தான் சொன்னேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்று இப்போதே, அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட வேண்டும். அவள் வாயைத் திறந்தாள்.

"திரும்பி வந்த தட்டுங்க கணக்கிலேயே தெரியும்ணே. யாரும் சொல்ல வேண்டியதில்ல."

அவளுடைய குரல். காலி நாற்காலியிலிருந்து.

மூவரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். யாரும் வியக்கவில்லை. இரவெல்லாம் படுக்கையில் அவள் தயார் செய்து வைத்திருந்த அதே பொய், அதே சொற்கள்.

"லோபர், அண்ணனுக்கு நிறைய ஊத்து," என்றது அதே குரல்.

அந்த ஊரில், இருக்க வேண்டிய விருந்தாளிக்கு அரைக் கோப்பைதான் ஊற்றுவார்கள். நிறைத்து ஊற்றினால், எழுந்து போ என்று பொருள். லோபரின் கை தயங்கியது. பிறகு ஊற்றினாள். விளிம்பு வரை.

தோஷ்மத் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிம்மா, புரிஞ்சுது," என்றார். நெஞ்சில் கை வைத்து, காலி நாற்காலிக்குத் தலைவணங்கினார். கடிதத்தைத் தொடவில்லை. கதவு திறந்தது. குளிர். கதவு மூடியது.

அண்ணே என்று சனோபர் கூப்பிட்டாள். சத்தம் வரவில்லை.

"தபால்லயே அனுப்பிடு, சனோபர்," என்றார் முதலாளி, நாற்காலியிடம். உறையை அந்தப் பக்கம் தள்ளினார்.

அவள் அழுதாள். கண்ணீர் உதட்டோரம் வழிந்து வாய்க்குள் இறங்கியது. உப்பு இல்லை. எதுவுமே இல்லை. விரலை உள்ளே விட்டாள். பற்கள். ஈறு. அதற்குப் பின்னால், நாக்கு இருக்க வேண்டிய இடத்தில், வழுவழுப்பான பள்ளம்.

அவள் முன்னே ஒரு கோப்பை இருந்தது. யாரும் ஊற்றவில்லை. விளிம்பு வரை நிறைந்திருந்தது.

காலி நாற்காலிக்கு எதிரே உறையின் மடிப்பு எழுந்தது. அதன் பசை ஓரம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, மெல்ல, நனைந்தது. மடிப்பு படிந்து ஒட்டிக்கொண்டது.

"கடைசித் தபால் போறதுக்குள்ள போட்டுட்டு வந்துடறேன்க்கா," என்று நாற்காலியிடம் சொல்லிவிட்டு, லோபர் ஈரம் காயாத உறையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.