மலையேறி வந்த அலை

மஞ்சக்குட்டை போகும் ஷேர் ஜீப் ராணியை எஸ்டேட் கேட்டருகே இறக்கிவிட்டபோது மதியம் இரண்டரை மணிதான். ஆனால் பொழுது சாய்ந்துவிட்டது போல இருட்டிக்கொண்டு வந்தது. மூடுபனி சில்வர் ஓக் மரங்களின் இடுப்புவரை இறங்கிக் கிடந்தது.

"சட்டுனு வந்துருங்கக்கா. கீழ கொண்டை ஊசி வளைவுல மரம் சாஞ்சு கெடக்குதாம். இனி வண்டி ஓடறது சந்தேகந்தானுங்க," என்று சொல்லிவிட்டு டிரைவர் பெருமாள் ஜீப்பை நகர்த்தினார்.

வங்கக்கடலில் புயல். விடிவதற்குள் கரையைத் தொடும் என்று டிவியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடல் இருப்பது இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால். இருந்தும் ஏற்காட்டு மலையில் இரண்டு நாளாகக் காற்று நிற்கவில்லை.

ராணிக்கு நாற்பது வயது. கொட்டச்சேட்டில் இரண்டு ஏக்கர் காப்பியும், அதில் படர்ந்த மிளகும்தான் பிழைப்பு. காலையில் பழம் பறித்துக்கொண்டிருந்தவளைச் சங்கீதாவின் போன்தான் இழுத்து வந்தது.

"ஏனுங்க அக்கா, அவரு மறுபடியும் தூண்டிலத் தூக்கிட்டாருங்க. இப்பவே கடலுக்குக் கெளம்பறாரு. நான் காலப் புடிச்சு அழுதும் கேக்கலைங்க. நீங்க சொன்னா கேப்பாருங்க."

ராணி சொன்னால் கேட்பான் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சங்கீதாவின் புருஷன் கோகுலும் ராணியின் தம்பி ஜீவானந்தமும் ஒன்றாகத்தான் அந்தக் கடலுக்குப் போனார்கள். கோகுல் மட்டும்தான் திரும்பி வந்தான்.

போன வருடம் நடந்தது அது. இருவரும் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவர்கள். யாரோ ஒரு பயணி காட்டிக்கொடுத்த பழக்கம், கரையில் நின்று கடலுக்குள் தூண்டில் வீசுவது. புயல் வருவதற்கு முந்தைய நாள் பெரிய மீன் கரையோரம் ஒதுங்கும் என்று எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. மீன் ஒதுங்குகிறதோ இல்லையோ, ஆட்கள் ஒதுங்கினார்கள். ஆற்று முகத்துவாரத்தின் மணல் திட்டில், இடுப்பளவு நீரில் நின்றிருந்த ஜீவாவை ஓர் அலை எடுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் அவனுடைய தூண்டில் கம்பு கரை ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை.

ராணி காப்பிச் செடிகளுக்கு நடுவே போகும் செம்மண் தடத்தில் இறங்கினாள். தடம் முடியும் இடத்தில் வெள்ளைக்காரன் காலத்து பங்களா ஒன்று பாதி இடிந்து நின்றது. அதன் இடியாத பாதியைத்தான் கோகுல் வாடகைக்கு எடுத்து ஜீப்பையும் மீன்பிடி சாமான்களையும் போட்டு வைத்திருந்தான். பங்களாவுக்குப் பின்னால் நூறு அடியில் பாறை விளிம்பு. அதற்கப்புறம் வெறும் பள்ளத்தாக்கு.

கோகுல் ஜீப்பில் பதினான்கு அடிக் கம்புகளைக் கட்டிக்கொண்டிருந்தான். முப்பத்திரண்டு வயதுக்காரன். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது.

"அக்கா, நீங்க எதுக்குங்க இந்த மழைல..."

"கட்டுனத அவுரு சாமி."

"போயாகணுங்க அக்கா. எனக்கு முன்னாடியே பசங்க நாலு பேரு அங்க போயிட்டானுங்க. எனக்காகத் திட்டுல எடம் புடிச்சு நிக்கறானுங்க."

"எந்தத் திட்டுல?"

அவன் கம்பைச் சுற்றிய கயிற்றை இன்னும் இறுக்கினான்.

ராணி ஜீப்பின் முன்னால் போய், பம்பரில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். "என்னைய ஏத்திட்டுப் போ."

"அக்கா, உங்களுக்குத் தெரியாதுங்க." அவன் குரல் உடைந்தது. "கீழக் காத்து அடிச்சா எனக்கு அவன் தூண்டில் ரீல் சத்தம் கேக்குதுங்க. நேத்துப் பூராம் கேட்டுச்சு. அவந்தானுங்க கூப்பிடறான்."

"எந்தம்பி உசுரோட இருந்தப்ப ஒருத்தனக் கூப்பிட்டுக் கெடுத்தவன் இல்ல. செத்த பொறவு மட்டும் கெடுப்பானா?"

அப்போதுதான் அது கேட்டது.

கிர்ர்ர்.

மெல்லிய சத்தம். உள்ளறையிலிருந்து.

கிர்ர்ர்ர்ர்.

பெரிய மீன் தூண்டிலைக் கவ்விக்கொண்டு ஓடும்போது ரீல் போடும் கூச்சல் அது. ஜீவா எத்தனையோ முறை வீட்டு வாசலில் ரீலிலிருந்து தூண்டில் நரம்பை இழுத்துக் காட்டி ராணியைச் சிரிக்க வைத்திருக்கிறான். கோகுல் தூக்கத்தில் நடப்பவன் போல உள்ளே போனான். ராணியும் பின்னாலேயே போனாள்.

சுவரில் ஆணியடித்து ஜீவாவின் கம்பை மாட்டியிருந்தார்கள். ரீல் வெறுமையாக இருந்தது. கரை ஒதுங்கியபோதே நரம்பு முழுவதும் அறுந்து போயிருந்தது. அந்த வெறும் ரீல்தான் சுழன்றுகொண்டிருந்தது. அழுகிய கடற்பாசி நாற்றம் அறையை அடைத்தது.

பிறகு ராணி அதைப் பார்த்தாள். ரீலிலிருந்து ஒரு நரம்பு, நீர் சொட்டச் சொட்ட, கண்ணாடியில்லாத பின் ஜன்னல் வழியே மூடுபனிக்குள் போயிற்று. விறைப்பாக. அந்த முனையில் யாரோ பிடித்திருப்பது போல.

"தொடாத சாமி," என்றாள்.

கோகுல் கம்பை எடுத்துவிட்டான்.

எடுத்த கணத்தில் அவன் உடம்பு முன்னால் வளைந்தது. தூண்டில்காரனின் கை பழக்கத்தில் தானாகவே கம்பை நிமிர்த்தி இழுத்தது. எதிர்ப்பக்கம் அதைவிட வலுவாக இழுத்தது. பின்கதவு காற்றில் திறந்துகொண்டது. அவன் வெளியே போனான். ஓடவில்லை. ஒவ்வொரு அடியாக, குதிகால் மண்ணில் கோடு கிழிக்க, இழுபட்டுப் போனான்.

பள்ளத்தாக்குப் பக்கமாக.

ராணி பாய்ந்து அவன் இடுப்புப் பெல்ட்டைப் பிடித்தாள். மூடுபனியில் நான்கு அடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஆனால் கீழே, நாலாயிரம் அடி வெறும் காற்றாக இருக்க வேண்டிய இடத்தில், அலை சத்தம் கேட்டது. உருண்டு வந்து, உடைந்து, சரளைக் கற்களைச் சுரண்டிக்கொண்டு பின்வாங்கும் சத்தம். காப்பிச் செடிகளின் அடியில் வெள்ளை நுரை ஊர்ந்து வந்து அவள் கணுக்காலை நனைத்தது.

பின்வாங்கும்போது காலடி மண்ணைப் பறித்துக்கொண்டு போனது.

"விடாதே," என்றது ஒரு குரல். மூடுபனிக்குள்ளிருந்து. மூச்சு வாங்கும் குரல்.

"விட மாட்டேன்டா ஜீவா. விட மாட்டேன்டா," என்று கோகுல் அழுதான்.

"யார்ரா விடாதேங்கறது?"

"நான் சொன்னதுங்க அக்கா." அவன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "அன்னைக்கு நான் சொன்னது. பெரிய கொடுவா மாட்டிக்கிச்சு. நரம்பு அவன் மணிக்கட்டுல சுத்திக்கிச்சு. அல அவனப் பொரட்டுது. அறுத்து வுட்டுர்றா கோகுலுன்னு கத்தறான். எங்கிட்ட கத்தி இருந்துச்சுங்க. இடுப்புலயே இருந்துச்சு. அறுத்தா மீனு போயிருமேன்னு... விடாதடா, விடாதடான்னு நான் கத்துனேன். அடுத்த அலைல அவன் இல்லைங்க."

ராணியின் காதுக்குள் காற்று நின்றுபோனது.

ஒரு வருடமாக அவன் சொன்ன கதை வேறு. திடீரென்று வந்த அலை, நொடியில் நடந்தது, ஒன்றும் செய்ய முடியவில்லை என்றுதான் சொன்னான். பதினாறாம் நாள் காரியத்தில் அவள் கையால் சோறு வாங்கித் தின்றான். அவள் செய்ய வேண்டியதெல்லாம் பெல்ட்டை விடுவது மட்டும்தான். யாரும் பார்க்கவில்லை. மூடுபனியில் கால் தவறியது என்று ஊர் சொல்லும்.

"அக்கா," என்றது குரல்.

இப்போது அது அருகில் கேட்டது. விளிம்புக்குச் சற்று அப்பால், காலூன்ற எதுவுமில்லாத இடத்தில்.

"அக்கா, குளிருது."

காய்ச்சலில் கிடந்த ஐந்து வயதுப் பிள்ளை இதே குரலில்தான் முனகும். அம்மா போன பிறகு அவனைத் தோளில் போட்டு வளர்த்தவள் அவள். போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நாலே எட்டு.

"குளிருந்தான் கண்ணு," என்றாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. "எனக்குத் தெரியும். என்னாலதான் வரமுடியாமப் போச்சு. ஆனா இவன நான் குடுக்க மாட்டேன்."

அலை கீழே உறுமியது.

"நீ எந்தம்பியா இருந்தாலும் சரி, அந்தக் கடலே எந்தம்பி தொண்டையில பேசுனாலும் சரி. குடுக்க மாட்டேன். இவன் தப்புப் பண்ணிருக்கான். அத நான் கேப்பேன். இவன் மூஞ்சியப் பாத்து நான் கேக்கணும். நீ எடுத்துட்டுப் போயிட்டா நான் யாரப் போய்க் கேக்கறது?"

இழுப்பு இரட்டிப்பானது. கோகுல் மண்டியிட்டு விழுந்தான். ராணி இடது கையைப் பக்கத்தில் நின்ற சில்வர் ஓக் மரத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். தோள் கழன்றுவிடும் போல இருந்தது.

"இழு! எங்க, இழு பாக்கலாம்! மூட்டையத் தூக்கிட்டு இந்த மலைய ஏறி எறங்குன காலு இது!"

நுரை அவள் முழங்காலுக்கு வந்தது.

"கோகுலு! கம்ப வுடு!"

"மாட்டேனுங்க அக்கா. அன்னைக்கு..."

"அன்னைக்கு நீ விடாதன்ன. இன்னைக்கு நான் சொல்றேன். வுடு!"

அவன் அவளைப் பார்த்தான். விரல்களைத் திறந்தான். கம்பு மூடுபனிக்குள் பறந்தது. ஆனால் நரம்பு அவன் மணிக்கட்டில் மூன்று சுற்றாகச் சுற்றியிருந்தது. சதைக்குள் இறங்கியிருந்தது. அவனுடைய கை விளிம்புக்கு மேல் நீண்டது.

அவன் இடுப்பில் அந்தக் கத்தி இருந்தது. மீன் கத்தி.

ராணி மரத்தை விட்டாள்.

இருவரும் சேர்ந்தே சறுக்கினார்கள். சறுக்கிக்கொண்டே அவள் கத்தியை உருவினாள். ஒரு வெட்டு. நரம்பு அறுபடவில்லை. வெறும் கையால் அதைச் சேர்த்துப் பிடித்து வளைத்தாள். உள்ளங்கை பிளந்து ரத்தம் வழிந்தது. கத்தியை ரம்பம் போல் இழுத்தாள்.

பட்டென்று அறுந்தது.

மூடுபனிக்குள்ளிருந்து ஒரு மூச்சு வந்தது. அவ்வளவுதான். நீண்ட நேரம் அடக்கி வைத்திருந்ததை விட்டது போன்ற மூச்சு. நுரை மண்ணுக்குள் வற்றியது. இருவரும் ஈரச் சேற்றில் குப்புறக் கிடந்தார்கள். ராணியின் கால்களுக்குக் கீழே பாறை முடிந்திருந்தது.

முதலில் எழுந்தவள் அவள்தான். முந்தானையைக் கிழித்துக் கையைச் சுற்றினாள்.

"போன எடு."

"அக்கா, என்னைய மன்னி..."

"அதெல்லாம் அப்பறம். அங்க நிக்கற நாலு பேருக்கும் போனப் போடு. இப்ப எங்கிட்டச் சொன்னத அவனுங்ககிட்டச் சொல்லு. மழுப்பாமச் சொல்லு."

பங்களாவின் முன்பக்கத்தில்தான் சிக்னல் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டான். அந்தப் பக்கம் காற்றின் இரைச்சல். சென்றாயன் என்ற ஒருவன் சிரித்தான். ஒரு மணி நேரத்தில் மூன்று கொடுவா என்றான். கோகுல் பேச ஆரம்பித்தான். கத்தியிலிருந்து ஆரம்பித்தான். அவன் பேசி முடிக்கும்போது அந்தப் பக்கம் சிரிப்பில்லை.

"அவன் அக்கா பேசறேன்," என்று ராணி போனை வாங்கினாள். "மீனு கெடக்கட்டும் சாமிகளா. கம்பக் கீழ போட்டுட்டு ரோட்டுக்கு ஏறுங்க. ஏறிட்டோம்னு நீங்க சொல்ற வரைக்கும் நான் போன வெக்க மாட்டேன்."

பதினொரு நிமிடம் அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஏறிவிட்டோம் என்று சென்றாயன் சொன்னான். பேச்சு முடியவில்லை. அவன் குரல் மாறியது. "அக்கா... திட்டு இல்லைங்க. நாங்க நின்ன எடமே இல்லைங்க. தண்ணி தெரியுது, வெறும் தண்ணி."

ராணி போனைக் கோகுலிடம் கொடுத்தாள். அவள் அவனை மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவனையும் சங்கீதாவையும் வீட்டுக்கு வரச்சொல்லி, ஜீவாவின் படத்துக்கு முன்னால் உட்கார வைத்து, அந்த நாளை ஒன்று விடாமல் சொல்ல வைத்தாள். அவன் அழ அழக் கேட்டாள். இடையில் ஒருமுறைகூடத் தடுக்கவில்லை. கடைசியில், "இனி ஒவ்வொரு புயலுக்கும் இத நீ கரையில நின்னு சொல்லோணும். நானும் வந்து பக்கத்துல நிப்பேன்," என்றாள். அடுத்த கார்த்திகைப் புயலுக்கு ராணியும் கோகுலும் போனார்கள். தூண்டிலோடு வந்த ஒன்பது பேரைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு பேர் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். ராணி அசையவில்லை.

போய்விட்டு வந்த மறுநாள் காலை. வானம் கழுவிவிட்டது போலத் தெளிந்திருந்தது. இலை அசையவில்லை. ராணி காப்பித் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் சேந்தப் போனாள். வாளியை இறக்குவதற்காகக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

கிணற்றுத் தண்ணீர் ஏறியது. இறங்கியது. ஒரு முழம் ஏறி, கல் சுவரை நனைத்து, மெதுவாக இறங்கியது. மறுபடி ஏறியது.

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தழும்பேறிய உள்ளங்கையைக் கிணற்றுச் சுவரில் ஊன்றினாள். கல் சில்லென்றிருந்தது.

"இங்க இருக்கறதுன்னா இரு," என்றாள். "இது உன்ற ஊடு. ஆனா ஒருத்தனக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டீன்னா மறுபடி நாந்தான் வந்து நிப்பேன்."

வாளியை இறக்கி மொண்டு, குடத்தை நிறைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அடுப்பில் உலை வைக்க வேண்டும்.

பின்னால், ஆழத்தில், ஓர் அலை கல்லில் மோதித் திரும்பியது.